இல்லை என்று தலையாட்டிய லூசியா

செப்டம்பர் பிறந்துவிட்டால் பல்கேரியாவின் துத்ரகான் ஊருக்கே குடைமிளகாய் வாசம்தான். வீட்டுக்கு வீடு முற்றத்தில் யாராவது ஒருவர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மிளகாய் சுட்டுக்கொண்டிருப்பார். நெவேனாவின் வீட்டில் அது அவள் கணவன் ரூமெனின் வேலை. அன்று அவன் சுட்ட மிளகாயைத் தட்டு நிறையத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, வைக்க இடமில்லை. சமையலறை மேஜை முழுக்க வண்ணத்தாளில் கத்தரித்த எழுத்துகள் கிடந்தன.

"இத எங்க வைக்கிறது? உன் தலைமேலயா?"

"கொஞ்சம் பொறேன். பசை காயட்டும்."

"போன வாரத்துலேர்ந்து இதத்தான் சொல்ற. குளிர்காலத்துக்கு லுத்தெனிட்சாத் தொக்கு கிண்டணுமா, இல்ல எழுத்தையே ரொட்டியில தடவித் திங்கப் போறோமா?"

நெவேனா சிரித்தாள். ஆனால் எழுத்துகளை நகர்த்தவில்லை. ரூமென் முணுமுணுத்தபடி தட்டைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அவளுடைய பரபரப்புக்குக் காரணம் இருந்தது. பல வருடங்களாக அவள் மதிய வகுப்பு டீச்சர். காலையில் வேறு ஒருவர் பாடம் நடத்துவார். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுத வைப்பதும், மூக்கைத் துடைத்துவிடுவதும், அம்மா வரும்வரை பார்த்துக்கொள்வதும் நெவேனாவின் வேலை. எழுத்துத் தெரியாத ஒரு குழந்தை முதன்முதலாக ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்கும்போது முகம் மாறுமே, அது காலையில் நடக்கும். மதியம் அவளிடம் வரும்போது அந்தக் குழந்தை படிக்கத் தெரிந்த குழந்தையாகிவிட்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கத்தான் அவள் ஆசிரியர் படிப்பே படித்தாள். இந்த வருடம்தான் முதல்முறையாக ஒன்றாம் வகுப்பு 'பி' பிரிவை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

கொடுத்தார்கள் என்று சொல்வதைவிட, கடனுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். பள்ளி திறப்பதற்கு முந்தைய கூட்டத்தில் தலைமை ஆசிரியர் எஞ்செவ் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இங்க பாரும்மா நெவேனா. ஊர்ல பாதிப் பேரு ஸ்பெயினு, ஜெர்மனின்னு போயிட்டாங்க. பிள்ளைங்க எங்க இருக்கு? ரெண்டு பிரிவு நடத்த எவ்வளவு பிள்ளைங்க வேணுமோ, அவ்வளவுதான் சேர்ந்திருக்கு. முதல் வாரம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு குழந்தைய 'ஏ' பிரிவுக்கு மாத்தினாலும் போச்சு. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துத் தோதோர்காகிட்ட குடுத்துருவேன். நீ மறுபடி மதிய வகுப்புக்குப் போயிரணும்."

"ஒரு குழந்தை குறைஞ்சாலுமா சார்?"

"ஒண்ணு குறைஞ்சாலும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோதோர்கா டீச்சர் நெவேனாவின் விலாவில் இடித்தாள். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தங்கள் பிள்ளையும் அவளிடமே படிக்க வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் அடித்துக்கொள்வார்கள்.

"ஒண்ணக்கூட என் பக்கம் அனுப்பாதடி, புண்ணியமாப் போகும்," என்று காதோரம் கிசுகிசுத்தாள். "உன் கூட்டத்தையும் என் தலையில கட்டினா நான் ரயில் ஏறி ஓடிருவேன். என் முட்டி என்னையே தாங்க மாட்டேங்குது."

செப்டம்பர் பதினைந்தாம் தேதி காலை பள்ளி முற்றம் பூவாகக் கிடந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன்னைவிட உயரமான பூங்கொத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தது. கொடி ஏற்றினார்கள். எஞ்செவ் பேச எழுதி வைத்திருந்ததில் பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போனதால் பேச்சு நல்லவேளையாகச் சீக்கிரம் முடிந்தது. பிறகு செம்புக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, இலைக்கொத்து ஒன்றைச் செருகி, வாசலில் வைத்தார்கள். முதல் வகுப்பு டீச்சர் அதைக் காலால் தட்டிக் கவிழ்க்க, பிள்ளைகள் ஈரத்தை மிதித்து உள்ளே போக வேண்டும். படிப்பும் அந்தத் தண்ணீர்போலத் தடையில்லாமல் ஓடும்.

தோதோர்கா மெல்லத் தட்டினாள். அழகாகக் கவிழ்ந்தது. அடுத்த குடம் நெவேனாவுடையது. அவள் முந்தின நாள் முதல் இதற்காகவே காலைப் பழக்கியதுபோல ஒரு உதை விட்டாள். குடம் டமாரென்று எகிறி, படியில் உருண்டு, எஞ்செவின் புது ஷூவில் போய் நின்றது. தண்ணீர் முழுவதும் அவர் காலுறைக்குள் போனது.

"கோல்!" என்று பிளாமென் என்ற பையன் கத்தினான். அவனும் அவள் வகுப்புதான்.

உள்ளே போகும் நெருக்கடியில் ஒரு பெண் நெவேனாவின் கையைப் பிடித்தாள். "டீச்சர், நான் பில்யானா. லூசியாவோட அம்மா. போன மாசம்தான் ஸ்பெயின்லேர்ந்து வந்தோம். அவ அப்பா அங்க ஆரஞ்சுத் தோட்டத்துலயே இருக்காரு." பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஒரு குட்டிப் பெண் நின்று நெவேனாவை அண்ணாந்து பார்த்தாள். பில்யானா குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நெனைக்காதீங்க. இவ பெரியம்மா பொண்ணு 'ஏ' பிரிவுல இருக்கா. இவளுக்கு உங்க வகுப்பு ஒத்து வரலன்னா வெள்ளிக்கிழமை வந்து அங்க மாத்திருவேன். அவ அழுதுட்டே பள்ளிக்கூடம் வர்றத என்னால பார்க்க முடியாது."

"கண்டிப்பா, கண்டிப்பா," என்றாள் நெவேனா.

வகுப்பில் பூச்சாடி போதாமல் ஊறுகாய் பாட்டில்களிலும், கடைசியில் துடைப்ப வாளியிலும் பூக்களைச் செருகினாள். பிள்ளைகள் பெஞ்சில் ஏறினார்கள், இறங்கினார்கள். பிளாமென், "எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டான். நெவேனாவின் கண் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூசியாவையே சுற்றியது. பிள்ளை பேசவில்லை. ஆனால் பெயர் கேட்டபோது சொன்ன விதத்தில் துத்ரகான் பேச்சு அப்படியே இருந்தது. அந்த ஊர்த் தெருவிலேயே வளர்ந்தவள் மாதிரி.

நெவேனா குனிந்தாள். "இந்த இடம் உனக்குப் புடிச்சிருக்கா?"

லூசியா தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

பல்கேரியாவில் தலை இடவலமாகப் போனால் ஆமாம். மேலும் கீழும் போனால் இல்லை. கைக்குழந்தைகூட அப்படித்தான் ஆட்டும். ஆக, பிடிக்கவில்லை. நெவேனாவின் மனசு ஒரு படி இறங்கியது.

"அப்ப ஜன்னல் பக்கம் உட்காரணுமா?"

லூசியா தலையை இடவலமாக ஆட்டினாள். ஆமாம். நெவேனா உடனே பையைத் தூக்கி, அவளை ஜன்னலோரம் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பிள்ளையின் முகம் சுருங்கியது.

"இப்ப சரியா?"

மறுபடி இடவலம். ஆமாம், சரி. பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது? நெவேனாவுக்குப் பிடிபடவில்லை.

மணி அடித்ததும் வாசலில் நிறுத்திக் கேட்டாள். "லூசியா, நாளைக்கும் வருவல்ல?"

லூசியா தலையை மேலும் கீழும் ஆட்டினாள். சும்மா இல்லை, சடை இரண்டும் துள்ளத் துள்ள ஆட்டினாள். இல்லை, இல்லை, இல்லை.

வீட்டுக்கு வந்து நெவேனா ரூமெனிடம் சொன்னாள். "இவ்வளவு உறுதியா 'இல்ல' சொல்ற குழந்தைய நான் பார்த்ததே இல்ல. எனக்கே பயமா இருந்துச்சு."

"முதல் நாள் நான் டீச்சரையே கடிச்சேன்," என்றான் ரூமென், தக்காளியை அரைத்துக்கொண்டே. "எங்க அம்மாவக் கேட்டுப் பாரு. அப்புறம் அந்த டீச்சரும் நானும் நல்ல சிநேகிதம் ஆயிட்டோம்."

"அவ கடிச்சா பரவாயில்லையே. சிரிச்சுக்கிட்டே இல்லன்னு சொல்றா."

மறுநாள் முதல் நெவேனா லூசியாவுக்காகவே வகுப்பு நடத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். காலுறையில் கண் தைத்து ஒரு முள்ளம்பன்றி பொம்மை செய்து வந்தாள். அது கோணல் குரலில் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்தது. லூசியாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொம்மை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டதும் மேலும் கீழும் ஆட்டினாள். நல்லா இல்லை. பாட்டு? இல்லை. மைதான விளையாட்டு? இல்லவே இல்லை.

பாடமும் அப்படியே. எழுத்துக்கு முன்னால் குச்சிக்கோடும் கொக்கிக்கோடும் போடப் பழக வேண்டும். நெவேனா கரும்பலகையில் கொக்கி போட்டுக் காட்டி, "புரிஞ்சுதா?" என்றாள். இடவலமாக ஒரு கூட்டம் தலை ஆடியது. ஜன்னலோரத்தில் ஒரு தலை மட்டும் மேலும் கீழும் போனது. நெவேனா லூசியாவிடம் போய்க் கையைப் பிடித்து மறுபடி போட்டுக் காட்டினாள். புரிந்ததா? மேலும் கீழும். மறுபடி கொக்கி. பிள்ளை பெருமூச்சு விட்டாள். நெவேனாவும் விட்டாள். லூசியாவின் தாளில் கொக்கிகள் வரிசையாக, மீன் மாட்டுவதற்குத் தயாரானவைபோல அழகாக நின்றன. கவலையில் இருந்த நெவேனாவுக்கு அது கண்ணில் படவில்லை.

ஆசிரியர் அறையில் தோதோர்கா சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாவைக் கடித்துக்கொண்டே விசாரித்தாள்.

"பொண்ணு அழறாளா?"

"இல்லக்கா."

"அடிக்கிறாளா? பக்கத்துல இருக்கறவனக் கிள்றாளா?"

"இல்ல. நல்லாச் சாப்பிடுறா, விளையாடுறா, சிரிக்கிறா. கேட்டா மட்டும் புடிக்கலங்கிறா."

"அப்ப ஏன்டி கேட்டுக்கிட்டே இருக்க? என் புருஷன்கிட்ட சூப் நல்லா இருக்கான்னு நான் கேட்டதே கிடையாது. முப்பது வருஷமாக் குடிக்கிறாரு."

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்பதை நிறுத்த முடியவில்லை. வியாழக்கிழமை இன்னொரு விசித்திரம். "லூசியா, இன்னிக்கு சந்தோஷமா இருக்கியா?" என்றதும் பிள்ளை தலையை மேலே தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள், இடப்பக்கம் திருப்பினாள், பிறகு கண்ணை மூடி யோசித்தாள். பாவம், டீச்சர் மனசு நோகக் கூடாது என்று பார்க்கிறது போலிருக்கிறது என்று நெவேனா நினைத்துக்கொண்டாள். தன்னைப் பார்த்து ஒரு ஆறு வயதுக் குழந்தை இரக்கப்படும் அளவுக்கு ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் முற்றத்தில் லுத்தெனிட்சாவைக் கிண்டும்போது ரூமெனிடம் சொன்னாள்.

"நாளைக்கு அவ அம்மா வருவா. நானே சொல்லிரப் போறேன், பொண்ண அந்தப் பக்கம் மாத்திருங்கன்னு."

ரூமென் கரண்டியை நிறுத்தினான். "பைத்தியமா உனக்கு? வாய மூடிட்டு இருந்தா வகுப்பு உன்னோடது. அந்தம்மா எதுவும் சொல்லாமலே கூட விட்டுரலாம்ல?"

"தெனமும் கேக்கறேன். தெனமும் இல்லைங்குது. அது தெரிஞ்சும் பேசாம இருந்தா, என் வகுப்புக்காக ஒரு குழந்தைய அங்க கட்டிப் போட்ட மாதிரி. அப்படி ஒரு டீச்சராகவா இத்தனை வருஷம் காத்திருந்தேன்?"

ரூமென் கொஞ்ச நேரம் கிண்டினான். "அடி பிடிக்குது," என்றான் கடைசியில். "நீ சொல்றது சரிதான். எனக்குத்தான் புடிக்கல."

வெள்ளிக்கிழமை பாடம் முடிந்ததும் தலைமை ஆசிரியர் அறையில் எல்லாரும் கூடினார்கள். எஞ்செவ் மேஜைக்குப் பின்னால். பில்யானா நாற்காலி நுனியில். லூசியா அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, மேஜைமேல் இருந்த உலக உருண்டையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நெவேனா நின்றபடியே ஆரம்பித்தாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"நானே சொல்லிர்றேன். லூசியாவுக்கு என் வகுப்பு புடிக்கல. நான் என்னென்னமோ செஞ்சு பார்த்தேன். அவ பெரியம்மா பொண்ணோட 'ஏ' பிரிவுல இருந்தா சந்தோஷமா இருப்பா. மாத்திக் குடுத்துருங்க சார்."

எஞ்செவ் பேனாவைக் கீழே வைத்தார். "நெவேனா, என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் சார்."

பில்யானா வாயைப் பிளந்தாள். "புடிக்கலையா? யாரு சொன்னா?"

"அவதான். ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் இல்லன்னுட்டா."

"என்ன டீச்சர் சொல்றீங்க? வீட்டுல காது வலிக்குது. முள்ளம்பன்றி இப்படிப் பேசிச்சு, டீச்சர் அப்படிச் சிரிச்சாங்க, டீச்சர் குடத்த உதைச்சதுல அந்தப் பெரியவர் கால்..." எஞ்செவைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். "மன்னிச்சுக்கங்க சார்."

"பரவாயில்ல, காஞ்சிருச்சு," என்றார் எஞ்செவ். பிறகு லூசியாவின் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீயே சொல்லு. வேற வகுப்புக்குப் போகணுமா?"

லூசியா உருண்டையை விட்டாள். அம்மாவைப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் கொண்டுபோனாள். சட்டென்று நிறுத்தினாள். மேலே தூக்கினாள். அதுவும் சரியில்லை என்று தோன்றியது. வலப்பக்கம் சாய்த்துக் கீழே இறக்கினாள். மொத்தத்தில் தலை ஒரு முழு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"கழுத்துல சுளுக்கா?" என்று கேட்டார் எஞ்செவ்.

பில்யானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! ஸ்பெயின்காரங்க மாதிரி ஆட்டியிருக்கா! அங்க மேலயும் கீழயும் ஆட்டினா ஆமாம். இவ பொறந்ததுலேர்ந்து அதத்தானே பார்த்தா? எங்க மாமியார் வீட்டுலயும் இதே கூத்து. இன்னும் கொஞ்சம் சூப் வேணுமாம்மான்னு கேட்பாங்க, இது ஆசையா ஆட்டும், அவங்க சட்டிய மூடிருவாங்க. பிள்ளை பசியோட படுத்துச்சு. அப்புறம்தான் புதன்கிழமை உக்கார வச்சு, இங்க எல்லாம் தலைகீழடி, மாத்தி ஆட்டுன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப அதுவும் இல்லாம இதுவும் இல்லாம சுத்துது!"

நெவேனாவுக்கு அந்த வாரம் முழுக்கக் கண்முன்னே ஓடியது. துள்ளிய சடைகள். முள்ளம்பன்றி. கொக்கிகள். அவள் மெல்ல உட்கார்ந்தாள், நாற்காலியில் இல்லை, தரையிலேயே, லூசியாவின் உயரத்துக்கு.

"தலை வேணாம்டா கண்ணு. வாயால சொல்லு. என்கிட்ட இருக்கியா, அங்க போறியா?"

"உங்ககிட்டதான்," என்றாள் லூசியா. அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. "ஆனா ஜன்னல் பக்கம் வேணாம் டீச்சர். கண்ணுல வெயில் அடிக்குது. நான் அன்னிக்கே வேணாம்னு சொன்னேன், நீங்க பையத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. முன்னால பெஞ்சுதான் எனக்குப் புடிச்சுது. அப்புறம் கொக்கி எனக்கு முதல் தடவையே புரிஞ்சிருச்சு. எனக்கு மட்டும் ஏன் மறுபடி மறுபடி சொல்லித் தர்றீங்க? பிளாமென் என்னைய மக்குன்னு சொல்றான்."

அறையில் முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. எஞ்செவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் அதிகாரக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"சரி. அப்ப வகுப்ப மாத்தலையே?" என்று பில்யானாவைக் கேட்டார்.

பில்யானாவும் அத்தனை வருடம் ஸ்பெயினில் இருந்தவள்தானே. அவள் தலை மேலும் கீழும் போனது. மாற்றவில்லை என்றா? இல்லை, மாற்றுகிறேன் என்றா? நெவேனாவும் எஞ்செவும் ஒரே குரலில் கத்திவிட்டார்கள்.

"வாயால சொல்லும்மா!"

"மாத்தல, மாத்தல!" என்றாள் பில்யானா பயந்துபோய். "இங்கயே இருக்கட்டும்!"

திங்கட்கிழமை காலை லூசியா முதல் பெஞ்சில் இருந்தாள். நெவேனா வகுப்புக்குப் புதுச் சட்டம் ஒன்று போட்டாள். இனிமேல் டீச்சர் கேட்கும் கேள்விக்கு யாரும் தலையை ஆட்டக் கூடாது. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஏன் என்று பிளாமென் கேட்டான். லூசியா எழுந்து நின்று, ஸ்பெயினில் எப்படி ஆட்டுவார்கள் என்று செய்து காட்டினாள். கொஞ்ச நேரம் வகுப்பு முழுக்கத் தலைகள் எல்லாத் திசையிலும் சுழன்றன. ஒருத்தனுக்கு மயக்கமே வந்துவிட்டது.

பிறகு நெவேனா கரும்பலகையில் முதல் எழுத்தை எழுதினாள். பல்கேரிய மொழியின் பெரிய அ, பார்க்க ஆங்கில A மாதிரியே இருக்கும். இரண்டு சாய்ந்த குச்சி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி. குறுக்குக் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. அழித்து எழுதலாமா என்று யோசித்தாள். அதற்குள் லூசியா அதைப் பார்த்து வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அ," என்றாள். தானே சொன்னதைத் தானே கேட்டு ஆச்சரியப்பட்டவள்போலத் திரும்பிப் பிளாமெனைப் பார்த்தாள். "என் பேரோட கடைசில இந்தச் சத்தம் இருக்கு!"

நெவேனா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாக்பீஸ் கையில் இருந்ததைக்கூட மறந்துவிட்டாள்.

"என் பேர்லயும் இருக்கு! நடுவுல!" என்று பிளாமென் எழுந்தான். "டீச்சர் பேர்லயும் இருக்கு!" என்று பின்னாலிருந்து யாரோ. அதற்கப்புறம் ஆளாளுக்குத் தன் பெயரில், அப்பா பெயரில், நாய் பெயரில் அ-வைத் தேடிப் பிடித்துக் கத்த ஆரம்பித்தார்கள்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று நெவேனா கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஆமாம்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து தோதோர்கா செருப்பால் சுவரைத் தட்டினாள்.

"அடியே நெவேனா! உன் பிள்ளைங்கள அடக்குடி! இங்க எம்பிள்ளைங்க எல்லாம் சுவத்துல காத வச்சிட்டு நிக்குது!"

"மன்னிச்சுக்கங்கக்கா!" என்று நெவேனா சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, எழுத்தைக் காட்டி, இன்னும் யார் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள்.